சனிக்கிழமைக் கணக்கு

வேலையில் தேறாத ஆளை எப்படி நிறுத்துவது? மோகனூர்ப் பட்டறைகளிலும் பண்ணைகளிலும் வாராவாரம் தள்ளிப்போடப்படும் கேள்வி

சனிக்கிழமை சாயங்காலம் கிரைண்டர் நின்றதும் பட்டறையில் சட்டென்று ஓர் அமைதி விழும். கை கழுவி, சட்டை மாற்றி, ஆட்கள் ஒவ்வொருவராக மேசைப் பக்கம் வருவார்கள். முதலாளி டிராயரைத் திறந்து நோட்டைப் புரட்டுவார். வாரக்கூலி இவ்வளவு, அட்வான்ஸில் பிடித்தம் இவ்வளவு, கையில் மிச்சம் இவ்வளவு. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு ஒருவரை மட்டும் நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் சொல்வார்: "திங்கக்கெழம வேல கம்மியா இருக்குது கண்ணு. நானே போன் பண்றேன், அப்பறம் வந்தாப் போதும்."

அந்த போன் வராது.

இந்தப் பக்கத்துச் சிறு தொழில்களில் பணிநீக்க உத்தரவு என்பது பெரும்பாலும் இதுதான். தேதி கிடையாது, காரணம் கிடையாது, காகிதம் கிடையாது. அந்த ஆள் திங்கட்கிழமை காத்திருப்பார், செவ்வாயும் காத்திருப்பார். புதன்கிழமை டீக்கடையில் யாராவது சொல்வார்கள், அவருடைய வெல்டிங் செட்டில் வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று. அப்போதுதான் தனக்கு வேலை போய்விட்டது என்பது அவருக்கே தெரியும்.

முதலாளியைக் கொடுமைக்காரர் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அந்த ஆளை வேலைக்குச் சேர்த்துவிட்டது அவருடைய மச்சானாக இருக்கலாம். ஆளின் அம்மா கோவில் வாசலில் எதிர்ப்படுவார். தேர்த் திருவிழாவில் இருவரும் ஒரே வடத்தைப் பிடிப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் "உன் வேலை எனக்குச் சரிப்படவில்லை" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது, சம்பளத்தை நிறுத்துவதைவிடக் கடினமான காரியம். அதனால் சொல்வதில்லை. ஆறு மாதம் முணுமுணுப்பார், மற்ற ஆட்களிடம் குறை சொல்வார், நல்ல வேலையை வேறு ஆளிடம் கொடுப்பார். கடைசியில் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

தேறாத ஆளை நிறுத்துவதே அநியாயம் என்று யாரும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஆலையில் ஒருவர் சோம்பினால் கூட்டத்தோடு கரைந்துவிடும். எட்டுப் பேர் இருக்கும் பட்டறையில் ஒருவர் சோம்பினால் மிச்ச ஏழு பேரும் அவர் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார்கள், சம்பளம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த ஏழு பேருக்கும் நியாயம் வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. அநியாயம் நடப்பது நிறுத்தும் சனிக்கிழமையில் இல்லை, அதற்கு முந்தைய ஆறு மாதத்து மௌனத்தில்தான்.

இதை நான் நிறுத்தப்பட்டவர் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். என் முதல் வேலை ஓர் அச்சகத்தில், மெய்ப்புத் திருத்துவது. நான்கு மாதம் இருந்தேன். மூன்றாவது மாதத்திலிருந்து என் மேசைக்கு வரும் தாள்கள் குறைந்தன. ஏன் என்று கேட்கத் தெரியாத வயது. ஒரு நாள் காலையில் போனபோது என் நாற்காலியில் மை டப்பாக்கள் அடுக்கியிருந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்காமல் திரும்பிவிட்டேன். ஒற்று மிகும் இடங்களில் நான் தொடர்ந்து தவறு செய்துகொண்டிருந்தேன் என்பது இரண்டு வருடம் கழித்து வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அன்றே சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் திருந்தியிருப்பேன். திருந்தாமல் போயிருந்தாலும் என்னை நிறுத்தியது சரி என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆலைச் சுவருக்கு உள்ளும் வெளியும்

மோகனூரைச் சுற்றிப் பார்த்தால் வேலை என்பதன் எத்தனையோ வடிவங்கள் கண்ணில் படும். நாமக்கல்லிலிருந்து 18 கிலோமீட்டர். தெற்கே காவிரி. ஆற்றுப் பாசனத்தில் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். ஊரில் சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரிகள், எங்கு திரும்பினாலும் முட்டைக் கோழிப்பண்ணைகள். பாலம் ஏறி அக்கரை போனால் வாங்கல், அதைத் தாண்டிக் கரூர். அங்கே ஜவுளியும் பஸ் பாடியும். இந்தக் கரையில் வேலை போன வெல்டர் திங்கட்கிழமை காலை பாலத்தைத் தாண்டினால் சாயங்காலத்துக்குள் அந்தக் கரையில் வேலை கேட்டுவிடலாம்.

கூட்டுறவு ஆலை மாதிரியான பெரிய இடத்தில் ஒருவரை நிறுத்துவதென்றால் காகிதம் பேச வேண்டும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அதிகாரி, அறிக்கை, அதன் பிறகுதான் உத்தரவு. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் பெரிய ஆலைகளுக்குப் பழக்கிவிட்ட நடைமுறை அது. சங்கமும் இருக்கும். அதே சாலையில் கால் மைல் தள்ளியிருக்கும் பட்டறையில் எட்டுப் பேரின் வேலை ஒருவருடைய வாய்ச்சொல்லில் இருக்கிறது. பெரிய ஆலைக்கு இருக்கும் சட்டம் தங்களுக்குக் கிடையாது என்று பட்டறைக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் வேறொன்று. மோகனூரில் 1888-இல் பிறந்து நாமக்கல் கவிஞர் என்று பெயர் வாங்கிய வெ. இராமலிங்கம் பிள்ளை, தாலுகா ஆபீஸில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்தார், பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தார். இரண்டிலும் நிலைக்கவில்லை. பிறகு ஓவியர், பிறகு தேசியக் கவிஞர், 1949-இல் அரசவைக் கவிஞர். ஒரு மேசைக்குப் பொருந்தாதவர் எந்த மேசைக்கும் பொருந்தாதவர் இல்லை என்பதற்கு இந்த ஊர்க்காரருக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. எல்லோரும் கவிஞராகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. வெல்டிங்கில் தேறாத பையன் பெயின்டிங்கில் தேறக்கூடும், அதைக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முடியாதவனா, செய்யாதவனா?

"ஆள் சரியில்லைங்க" என்று முதலாளி சொல்லும்போது அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள். வேலை தெரியாதவர் ஒருவர். தெரிந்தும் செய்யாதவர் ஒருவர். தெரியும், செய்யவும் செய்கிறார், ஆனால் வேறு எதுவோ அவர் வேலையைக் கெடுக்கிறது என்ற நிலையில் இருப்பவர் இன்னொருவர். மூவரையும் ஒரே வார்த்தையில் அடக்கி ஒரே விதமாக வெளியே அனுப்புவதுதான் வழக்கமாக இருக்கிறது.

கோழிப்பண்ணையை எடுத்துக்கொள்வோம். சித்திரை மாதம். ஒரு ஷெட்டில் முட்டை உடைசல் கூடிவிட்டது, முட்டை எண்ணிக்கையும் இறங்கிவிட்டது. பக்கத்து ஷெட்டில் அப்படி இல்லை. ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மேல்தான் முதல் சந்தேகம். அவன் தூங்கிவிட்டான், டிரேயைப் போட்டு உடைக்கிறான், தண்ணீர் லைனைப் பார்ப்பதில்லை. இருக்கலாம். ஆனால் வெயில் ஏறினால் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதில் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து படிவது குறையும். ஓடு மெலிந்த முட்டையை எவ்வளவு பதமாக எடுத்தாலும் உடையும். எழுபது வாரம் தாண்டிய கோழி பெரிய முட்டை இடும், ஓட்டின் தடிமன் மட்டும் குறைந்து வரும். முட்டைக் கோழிக்கு ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். டைமர் பழுதாகி விடியற்காலை விளக்கு எரியவில்லை என்றால் எண்ணிக்கை இறங்கும். தண்ணீர் நிப்பிள் அடைத்துக்கொண்டால் கோழி தீவனத்தையும் குறைத்துவிடும்.

இத்தனையும் பார்த்து, இரண்டு ஷெட்டிலும் கோழி ஒரே வயதா, ஒரே தீவனமா என்று ஒப்பிட்டு, அதன் பிறகும் கணக்கு அந்த ஆளிடமே வந்து நின்றால் அப்போது அவரைக் கேட்கலாம். ஒரு வாரம் ஆட்களை ஷெட் மாற்றிப் பார்த்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். உடைசல் ஆளோடு போகிறதா, ஷெட்டோடு தங்குகிறதா? இது ஒன்றும் பெரிய மேலாண்மைக் கல்வி இல்லை. பண்ணை நடத்துகிறவருக்குத் தெரியாததும் இல்லை. தீவனத்தில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் சாம்பிள் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிற அதே கை, ஆளில் கோளாறு என்று தோன்றினால் மட்டும் சோதிப்பதே இல்லை.

இப்போது பண்ணைகளிலும் பட்டறைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய. "சொன்னாக் கேக்க மாட்டேங்கறான்" என்ற புகார் அவர்கள் மேல் அதிகம். சொன்னது எந்த மொழியில் என்று கேட்டால் பதில் வராது. தமிழில் பாதி, சைகையில் பாதி சொல்லிவிட்டு, புரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் நடக்கிறது. மருந்து கலக்கும் அளவு மாதிரியான விஷயத்தில் அது ஆபத்தும்கூட. இவர்கள் வேலையில் தேறாமல் போனால் பாலம் தாண்டிக் கரூர் போய் மறுநாளே வேலை தேடும் வசதி இவர்களுக்கு இல்லை. தங்குமிடமும் முதலாளி கொடுத்ததுதான். வேலையிலிருந்து நிறுத்துகிற அதே சாயங்காலம் அறையையும் காலி செய்யச் சொன்னால் அவர் ரயில்வே ஸ்டேஷனில்தான் படுக்க வேண்டும். ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கும் நாள்வரை அறையை விட்டுவைப்பதை எந்தச் சட்டமும் கட்டளையிடக் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்யாதவர் விஷயம் வேறு. திங்கட்கிழமை தோறும் வராதவர், குடித்துவிட்டு வருகிறவர், வேண்டுமென்றே வேலையை இழுக்கிறவர் எல்லோரும் வேலையில் தேறாதவர்கள் இல்லை, ஒழுங்கு மீறுகிறவர்கள். அவர்களைக் கேட்பதற்கும் நிறுத்துவதற்கும் முறை தனி. இதைக் குழப்பினால் என்ன ஆகும் என்பதைக் கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஒடிசாவின் உத்கல் மெஷினரி நிறுவனம் ஓர் ஊழியரை வேலை திருப்தியாக இல்லை என்று நீக்கிய வழக்கில், 1966-இல் வெளியான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: வேலை சரியில்லை என்பதையே குற்றமாக வைத்து ஒருவரைத் தண்டிக்கிறீர்கள் என்றால், அவரை விசாரித்துவிட்டுத்தான் தண்டிக்க வேண்டும். கோபத்தில் "ஒழுங்கீனம்", "அலட்சியம்", "நம்பிக்கைத் துரோகம்" என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு, பிறகு "சாதாரணமாகத்தான் நிறுத்தினேன்" என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான். அந்த ஒரு வார்த்தைக்கு விசாரணை எங்கே என்று கேட்பார்கள்.

நாற்பது பக்க நோட்டு

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982-இல் வேலைநீக்கம் பற்றி ஓர் உடன்படிக்கையும் அதோடு ஒரு பரிந்துரையும் கொண்டுவந்தது. உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் பரிந்துரையில் சொல்லியிருக்கும் வரிசை மோகனூர்ப் பட்டறைக்கும் பொருந்தும். வேலை திருப்தியாக இல்லை என்று நிறுத்துவதற்கு முன்பு, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும். திருந்துவதற்கு நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால்தான் நிறுத்தலாம்.

இதைச் செய்ய மனிதவள அதிகாரி வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆனால் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சரியா வேலை செய்யறதில்ல" என்பது குறிப்பு இல்லை, புலம்பல். "12-ஆம் தேதி பற்றவைத்த நாலு சட்டத்தில் இரண்டு விட்டுப்போய்த் திரும்பப் பற்றவைத்தோம். ஆம்பியர் குறைவாக வைத்திருந்தார். மேஸ்திரி செய்து காட்டினார்" என்பது குறிப்பு. அடுத்த பதினைந்து நாளில் எத்தனை விட்டுப்போயின என்று அதன் கீழேயே எழுதலாம். நல்லதாகச் செய்த நாளையும் அதே நோட்டில் எழுத வேண்டும், இல்லையென்றால் அது வேலைக் குறிப்பாக இருக்காது, பழிவாங்கும் கணக்காகிவிடும். அந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக்காட்டி, அவர் சொல்வதையும் எழுதி, கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது.

பேசுவதற்கு ஓர் இடமும் வேண்டும். மற்ற ஆட்கள் காதில் விழும்படி பட்டறை நடுவில் நின்று சொல்வது பேச்சாகாது, அவமானப்படுத்துவது. டீ நேரம் முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகு வெளியே நிறுத்தி, "ஏப்பா, என்ன பிரச்சன? மொதல்ல நல்லாத்தான செஞ்ச?" என்று ஆரம்பித்தால், சில சமயம் கண் பார்வை மங்கியிருக்கிறது என்று தெரியவரும். சில சமயம் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெரியவரும். சில சமயம் "எனக்கு இந்த வேல பிடிக்கலீங்கண்ணா" என்ற உண்மையே வந்துவிடும். மூன்றாவது பதில் வந்தால் முதலாளிக்கு அதிர்ஷ்டம்தான்.

எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது? இதற்குச் சட்டத்தில் எண் கிடையாது. என் கருத்து, கைவேலைக்கு இரண்டு மாதம் போதும். அதற்குள் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் இன்னும் இரண்டு வருடம் வைத்திருப்பது இரக்கம் ஆகாது. முப்பத்தைந்து வயதில் வேறு வேலை கற்றுக்கொள்ளக்கூடியவரை நாற்பத்தைந்து வயதுவரை இழுத்தடித்து, பிறகு ஒரு நஷ்டமான வருடத்தில் வெளியே தள்ளுவது இருப்பதிலேயே பெரிய அநியாயம். அதை இரக்கம் என்ற பெயரில் செய்கிறவர்களே அதிகம்.

சட்டம் போடும் கணக்கு

சட்டத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கு இந்த நாட்டில் வேலைநீக்கத்தின் இலக்கணத்தையே மாற்றியது. பாரத ஸ்டேட் வங்கியில் விட்டுவிட்டு வேலை பார்த்த ஒரு தற்காலிகக் காசாளருக்கு வங்கி கொடுத்த உத்தரவில், இந்த வேலை ஒன்பது நாளைக்கு மட்டுமே, அது முடிந்ததும் தானாகவே முடிந்துவிடும் என்று எழுதியிருந்தது. நாங்கள் நீக்கவில்லை, தேதி முடிந்தது அவ்வளவுதான் என்றது வங்கி. சுந்தரமணி வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் இதில், 1976-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அடங்கிய அமர்வு அதை ஏற்கவில்லை. 240 நாள் வேலை பார்த்தவரின் வேலை எந்தக் காரணத்தால் முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான், அதற்குரிய நோட்டீஸும் நஷ்டஈடும் கொடுக்காமல் முடித்தது செல்லாது என்றது. 1990-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தப் பொருளையே உறுதி செய்தது. இடையில் 1984-இல் ஒரு திருத்தம் வந்து, உண்மையான ஒப்பந்தக் காலம் முடிவதால் வேலை முடிவது மட்டும் இதிலிருந்து விலக்கப்பட்டது.

பட்டறைக்காரருக்கு இதில் இருக்கும் செய்தி என்ன? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், 25-எஃப் என்ற பிரிவு ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்ததில்லை. லே-ஆஃப் நஷ்டஈட்டுக்கு 50 பேர் வேண்டும், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி கேட்பதற்கு இன்னும் அதிகம் பேர் வேண்டும். ஆனால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் சம்பளம் என்பது ஆறு பேர் இருக்கும் பட்டறைக்கும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கணக்கு தொடர்கிறது. 240 நாளில் சம்பளத்தோடு விட்ட ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் சேரும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகையால் 239-ஆவது நாள் நிறுத்தி மறுவாரம் சேர்த்துக்கொள்ளும் தந்திரம் பல நேரம் எண்ணத் தெரியாதவரின் தந்திரமாக முடிகிறது. வருடக்கணக்கில் ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்து உரிமையைத் தட்டிக்கழிப்பதைச் சட்டம் முறையற்ற தொழில் நடவடிக்கை என்றே பட்டியலிட்டிருக்கிறது.

பட்டறையாக இல்லாமல் கடையாக இருந்தால் வேறு வழி. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் இல்லாமலும் நிறுத்த முடியாது. ஒழுங்கு மீறல் என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். ஜவுளிக்கடை, மளிகைக்கடை, உதிரிபாகக் கடை எல்லாம் இதற்குள் வரும். கர்ப்ப காலத்திலும் பேறுகால விடுப்பிலும் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக நிறுத்தவே முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய், வேலை பார்த்தது 7 வருடம் 8 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் எட்டு வருடமாகக் கொள்ள வேண்டும். நோட்டீஸுக்குப் பதிலாக 15,000. நஷ்டஈடு, 15 நாளுக்கு 7,500 வீதம் எட்டு வருடத்துக்கு 60,000. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடம் என்றால் பணிக்கொடை தனி. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கினால் சுமார் 69,231. மொத்தம் 1,44,231. பாக்கிச் சம்பளம், போனஸ் எல்லாம் இதற்கு மேல். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் என்றால் முழு ஐந்து வருடம் இருக்க வேண்டியதில்லை, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் ஓடியிருந்தால் போதும் என்று 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் நம் பக்கத்து மேட்டூர் பியர்ட்செல் கம்பெனி வழக்கில்தான்.

ஒன்றரை லட்சமா என்று வாயைப் பிளக்கும் முதலாளிக்கு ஒரு கேள்வி. எட்டு வருடத்தில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தால் இந்தப் பணம் கையில் இருந்திருக்குமே? லாரிக்குத் தேய்மானம் போடத் தெரிந்த நமக்கு இதை ஒதுக்கத் தெரியவில்லை. கொடுக்காமல் அனுப்பிவிட்டு அவர் சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், வருடக்கணக்கில் வாய்தா, கடைசியில் வேலையும் பின்சம்பளமும் திருப்பிக் கொடு என்று உத்தரவு வரலாம். நீதிமன்றங்கள் இப்போது பல வழக்குகளில் வேலைக்குப் பதிலாக ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்தத் தொகை எவ்வளவு என்பதை முதலாளி தீர்மானிக்க முடியாது.

ஈழத்தமிழ் வாசகர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். இலங்கையில் 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அங்கே சின்ன முதலாளிகள் இதைக் கெடுபிடி என்கிறார்கள். இங்கே கெடுபிடி குறைவு, தெரிந்துவைத்திருப்பது இன்னும் குறைவு.

அட்வான்ஸ் என்ற சங்கிலி

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட்டால் இதுவரை சொன்னதெல்லாம் பட்டணத்துப் பேச்சாகிவிடும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் தொடங்கி இந்தப் பக்கத்துப் பல தொழில்களில் ஆள் சேர்ப்பது அட்வான்ஸ் கொடுத்துத்தான். கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு, வீட்டுக்கு ஓடு மாற்ற என்று அது ஏறிக்கொண்டே போகும். ஆள் வேலையில் தேறவில்லை என்று தெரிந்தாலும் முதலாளி நிறுத்துவதில்லை, ஐம்பதாயிரம் அவரிடம் நிற்கிறதே! ஆளுக்கும் பிடிக்கவில்லை, போகவும் முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். கடைசியில் இன்னொரு முதலாளி வந்து அந்த அட்வான்ஸைக் கட்டி ஆளைக் "கூட்டிக்கொண்டு போவார்". மாடு கைமாறுவது போல.

முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு இடம் போகவிடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம்வரை சிறை உண்டு. அப்படிப்பட்ட கடன் சட்டத்தின் பார்வையில் கடனே இல்லை, கழிந்துபோனது. நான் பேசியவரையில் அட்வான்ஸ் கொடுக்கும் முதலாளிகளில் பெரும்பாலோருக்குத் தாங்கள் குற்றம் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை, உதவி செய்கிறோம் என்றே நினைக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் உதவி என்றால் ஆள் போகிறபோது கதவு திறந்திருக்க வேண்டும். அட்வான்ஸை ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகவிடாமல் வைத்துக்கொண்டால், நிறுத்த வேண்டிய நாளில் முதலாளிக்கும் கை கட்டிப்போயிருக்காது, போக வேண்டிய நாளில் ஆளுக்கும் கால் கட்டிப்போயிருக்காது.

நிறுத்துகிற நாள் எப்படி இருக்க வேண்டும்? காலையிலேயே சொல்லிவிட வேண்டும், நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டுச் சாயங்காலம் சொல்லக் கூடாது. தீபாவளி போனஸுக்கு முந்தைய வாரத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆட்கள் அதை மறக்கவே மாட்டார்கள், நிறுத்தப்பட்டவரை விட மிச்சம் இருப்பவர்கள்தான் மறக்க மாட்டார்கள். காரணத்தை ஒரே வாக்கியத்தில், ஏற்கெனவே மூன்று தடவை பேசிய அதே காரணத்தை, சுற்றி வளைக்காமல் சொன்னால் போதும். "வேலை கம்மி" என்ற பொய் வேண்டாம். மறுவாரம் புது ஆள் வந்து உட்காரும்போது அந்தப் பொய் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மற்ற ஆட்களிடம் அவரைப் பற்றிப் பேசுவதையும் அன்றோடு நிறுத்த வேண்டும்.

இதை வாசிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை யாரையாவது நிறுத்துவதாக மனதில் வைத்திருந்தால், இந்த வாரம் நிறுத்தாதீர்கள். கூப்பிட்டு, என்ன குறை என்று முதல் தடவையாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே சொல்லி, அவகாசமும் கொடுத்து முடித்திருந்தால், பணத்தை எண்ணுவதற்கு முன்பு அவருக்கு ஒரு அனுபவச் சான்றிதழ் எழுதி, சீல் வைத்துக் கையில் கொடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை, இந்த மூன்றும் இருந்தால் போதும். திங்கட்கிழமை காலை பாலத்தைத் தாண்டிப் போகும்போது அக்கரையில் முதலில் கேட்பது அதைத்தான்.